வில்லையின் குறையும் படத்தின் குணமும்

பழைய கமரா வில்லைகள் தந்த படங்களில் ஒரு மென்மை இருந்தது எனவும், இன்றைய வில்லைகள் கூர்மையுடையனவாயினும் உயிரற்றன எனவும் கூறுவோர் உளர். அம்மென்மை கண்ணாடியில் இருந்ததா, கமராவின் பின்னால் நின்றவரிடம் இருந்ததா என்பது ஆராயத்தக்கது.

வியன்னாவிற் பணியாற்றிய கணித அறிஞர் யோசேப் பெற்ஸ்வால் 1840இல் உருவப்படங்களுக்கென ஒரு வில்லையைக் கணித்து அமைத்தார். அது முந்திய வில்லைகளைவிடப் பன்மடங்கு ஒளியை உட்புகவிட்டது. ஆயின் அதன் குவியத்தளம் வளைந்திருந்தமையால், படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் சுழன்று கரைவன போலவும் தோன்றின. விரைவை வேண்டியதால் ஏற்க நேர்ந்த குறை அது.

இவ்வகை வில்லையுடனேயே ஜூலியா மார்கரெட் கமரன் தமது 48ஆவது வயதில் இங்கிலாந்திற் படமெடுக்கத் தொடங்கினார். பெரிய தட்டு, அகலத் திறந்த துவாரம், நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டிய மனிதர். கண் தெளிந்தால் காது மங்கும். குவியம் காணத் தெரியாதவர் என விமரிசகர் அவரை இகழ்ந்தனர். சரியான குவியம் இதுவென விதிக்கும் உரிமை யாருக்குண்டு என்ற கருத்துப்பட அவர் 1864இல் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதினார். ஒளியியலை நன்கறிந்த ஒருவரிடமே இவ்வினாவை விடுத்தமை நோக்கத்தக்கது. 1866இல் டல்மேயர் நிறுவனத்தின் திருத்தமான புதிய வில்லை அவர் கைக்கு வந்தது. ஆயினும் 1867இல் அவர் எடுத்த ஹேர்ஷலின் படத்திலும் அதே மென்மை நிலவுகின்றது. கண்ணாடி மாறிற்று, விருப்பம் மாறவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் மக்களைப் படமெடுத்த அவர், 1879இல் மலைநாட்டிற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கண்ணாடிக்கும் இதிற் பங்கில்லை என்று கூறுதல் பொருந்தாது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 4 பங்கைத் தெறிக்கச் செய்யும். காற்றைத் தொடும் பரப்புக்கள் ஆறுடைய பெற்ஸ்வால் வில்லையில் ஐந்திலொரு பங்கு இவ்வாறு வழிதவறிற்று. அதில் ஒரு சிறுபகுதி உள்ளே அலைந்து, படத்தின் இருட்பகுதிகளை வெளிறச் செய்தது. மென்மையெனப் போற்றப்படுவதில் ஒரு கூறு இவ்வெளிறலே. 1935இல் சைஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா தெறிப்பைக் குறைக்கும் பூச்சினைக் கண்டபின் அது படிப்படியாக மறைந்தது.

2013இல் லோமோகிரபி நிறுவனம் பெற்ஸ்வால் வில்லையைப் புதிதாக ஆக்கி விற்க முன்வந்தபோது, ஓரச் சுழற்சியே அதன் விளம்பரமாயிற்று. கமரனின் உருவப்படங்களிலோ அச்சுழற்சி பெரும்பாலும் தென்படுவதில்லை. அவற்றிற் பலவற்றின் பின்னணி வெறும் கருந்துணி.