பொருள் தெரியாத பழைய பாட்டு

கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் நடுவே செங்கல்பட்டு மின்ரயில் நின்று செல்லும் சிறிய நிலையம் பொத்தேரி. எதிரே பல்கலைக்கழகம், ஆகவே ஏறுவோரிலும் இறங்குவோரிலும் பெரும்பாலோர் மாணவர்கள். இத்தடத்தில் தெற்கே போகப்போக ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். பரனூரை ஒட்டிய தொழில்நகரில் சில, சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் பல. வேலையை முன்னிட்டு ஜப்பானிய மொழி பயில்வோர் இப்பக்கங்களில் உண்டு. மொழி வந்த வழியிலேயே பாட்டும் வந்துவிடுகிறது. மிகி மட்சுபாரா 1979-இல் பாடிய 'மயோனகா நோ டோஆ' (நள்ளிரவின் கதவு) 2020-இன் இறுதியில் இணையத்தின் வழியே உலகெங்கும் மீண்டும் புகழ்பெற்றபோது, அதைப் பாடியவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அப்பாட்டு வெளியானபோது பிறந்தேயிராதவர்கள் அதைக் கேட்டுக் கடந்த காலத்துக்காக ஏங்குகிறார்கள். தாம் வாழ்ந்திராத காலத்தின் மீது கொள்ளும் ஏக்கம் வசதியானது. அதில் தீர்க்கவேண்டிய பழைய கணக்கு எதுவுமில்லை.

ஜப்பானியர்கள் தம் பழம்பாடல்களை 'நட்சுமெரோ' என்று அழைக்கிறார்கள். நினைவேக்கத்தைக் குறிக்கும் 'நட்சுகஷி' என்ற சொல்லையும் மெலடி என்ற ஆங்கிலச் சொல்லையும் நறுக்கி ஒட்டிய பெயர் அது. (சொற்களை இப்படி நறுக்குவதில் அவர்களுக்கு இணை அவர்களே.) 1960-களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியில் இதற்கொரு பேரலையே எழுந்தது. முதிர்ந்த பாடகர்கள் மேடையேறித் தம் இளமைக்காலப் பாட்டைப் பாட, அதே வயதினர் வீட்டிலிருந்து கேட்டுக் கண்கலங்கினர். ஆனால் அந்த இளமைக்காலம் எது? 1937-க்கும் 1945-க்கும் இடையே இருபது வயதாயிருந்தவருக்குப் பழைய பாட்டு என்பது பெரும்பாலும் போர்ப்பாட்டுத்தான்.

யுஜி கொசெகி என்ற இசையமைப்பாளரின் வாழ்க்கையே இதற்குப் போதுமான சான்று. சீனப் போர் தொடங்கிய 1937-இல் 'ரோஎய் நோ உதா' என்ற படைமுகாம் பாட்டுக்கு இசையமைத்துப் பெரும்புகழ் பெற்றார். 1943-இல் இளம் விமானிகளுக்கான பாட்டு. 1944-இல் இம்பால் படையெடுப்பின்போது நாவலாசிரியர் ஹினோ அஷிஹெய் முதலியோருடன் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1949-இல், அணுகுண்டுக்கு இரையான நகருக்காக 'நாகசாகி நோ கானே' என்ற இரங்கற்பாட்டுக்கு அவரே இசையமைத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் ஒலித்த அணிவகுப்பிசையும் அவருடையதே. ஒரே கை, ஒரே மெட்டறிவு. கேட்டவர்களும் பெரும்பாலும் அதே மக்கள்தான். நட்சுமெரோ மேடைகளில் இவற்றுக்கிடையே பிரிவுக்கோடு போட முடியாமற்போனதில் வியப்பில்லை.

இந்தப் போர்க்காலப் பாட்டுகளைக் கற்றவர்கள் ஜப்பானியர் மட்டுமல்லர். தமிழ்ப் பிள்ளைகளும் கற்றார்கள். அதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே வழி தொடங்குகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆளனுப்பிய குடியேற்ற முகாம்கள் இரண்டு: ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றொன்று அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஆவடியில். வட ஆர்க்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டத்தார் போலவே இம்மாவட்டத்தாரும் கப்பலேறினர். 1938-இல் இந்திய அரசு இந்த ஆளனுப்புதலைத் தடைசெய்தது. அதற்குள் அங்கே பிள்ளை பெற்று வேரூன்றியவர்கள் பல லட்சம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊரின் பெயர் ஷோனான் ஆயிற்று. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. சில மாதங்களில் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது முதற்பாடமே மாறியிருந்தது. காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று பேரரசரின் திசை நோக்கி வணங்கவேண்டும், 'கிமிகயோ' பாடவேண்டும். அடுத்து 'ஐகொக்கு கோஷின்கியோக்கு' என்ற தேசபக்த அணிவகுப்புப் பாட்டு. 1937-இல் ஜப்பான் அரசு போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பாட்டு அது. சின்னஞ்சிறார்க்கு வசந்தம் வந்ததைச் சொல்லும் 'ஹாரு கா கித்தா'. மொழியறியா ஆசிரியர் தாமே முதல்நாள் கற்றதை மறுநாள் கற்பித்த பள்ளிகளும் உண்டு. பிள்ளைகளுக்கு வாய்த்தது ஒலி மட்டும். பொருளை எவரும் சொல்லவில்லை, கேட்கவும் துணிவில்லை.

பொருளின்றிக் கற்ற பாட்டு இத்தனை காலம் நிலைத்ததற்கு அச்சம் ஒரு காரணம் என்றால் இசையமைப்பு இன்னொரு காரணம் என்று கருதுகிறேன். மெய்ஜி காலம் முதற்கொண்டு ஜப்பானியப் பள்ளிப்பாட்டிலும் வெகுசனப் பாட்டிலும் மிகுதியாக வழங்குவது 'யொனா நுகி' எனும் ஐந்து சுர அமைப்பு. 'நான்கும் ஏழும் நீங்கியது' என்பது அதன் பொருள். மேற்கத்திய ஏழு சுரத்தில் நான்காவதையும் ஏழாவதையும் நீக்கினால் எஞ்சுவது நம் மோகனம். சோகப்பாட்டுகளுக்கான அதன் மற்றொரு வடிவம், சிவரஞ்சனியின் தைவதத்தைச் சுத்த தைவதமாக இறக்கினால் கிடைப்பது. 1963-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் மூன்று வாரம் நின்ற க்யூ சகமோட்டோவின் பாட்டும் (அதற்கு அமெரிக்கர் இட்ட பெயர், பாட்டோடு எவ்வகையிலும் தொடர்பற்ற ஓர் இறைச்சிக் குழம்பின் பெயர்) முதலடிகளில் இந்த மோகனச் சாயலில்தான் நடக்கிறது. தோட்டத்துக் கோயிலில் தெம்மாங்கும் பஜனையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இம்மெட்டுகள் முற்றிலும் அந்நியமாய் ஒலித்திருக்க முடியாது. பகைவனின் பாட்டு பழகிய பாட்டுப் போலிருந்தது என்பதே இதிலுள்ள கொடுமை.

அதே ஆண்டுகளில் அப்பிள்ளைகளின் தந்தையரும் அண்ணன்மாரும் எங்கே இருந்தார்கள்? 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை இடப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 70,000-க்கு மேல்; அவர்களுள் பெரும்பான்மையர் தமிழர். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசிய நாவல்கள் இதைப் பேசுகின்றன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அக்காலத்தை வேறொரு கோணத்தில் பார்க்கிறது. இன்னொருபுறம் இந்திய தேசிய ராணுவம். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, ராம்சிங் தாக்கூரி இசையமைத்த இந்தி அணிவகுப்புப் பாட்டுகளைப் பாடி நடந்தனர். அந்த மொழியும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டை அவர்கள் விரும்பிப் பாடினார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் ரயில்பாதையில், ஒருவர் படையில், இளையவர் பள்ளி முற்றத்தில் கிமிகயோவுடன் என்றிருப்பது அக்காலத்தில் நடக்கக்கூடியதே.

சிங்கப்பூர் அரசின் வாய்மொழி வரலாற்று நடுவம் 1981-இல் ஆக்கிரமிப்புக்கால நினைவுகளைத் திரட்டத் தொடங்கியது. நாற்பதாண்டு கழிந்தும் ஜப்பானியப் பாட்டுகள் பலருக்கு நினைவிலிருந்தன. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான எஸ். ஆர். நாதன் அக்காலத்தில் மொழியையே கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராய் வேலை பார்த்தவர். பொருளறிந்து கேட்ட சிலரில் ஒருவர். மற்றவர்களுக்கு அது இன்னமும் வெறும் ஒலி. அந்த ஒலியை முணுமுணுக்கும் முதியவரைத் துரோகி என்பதும் தவறு, ஜப்பானை மன்னித்துவிட்டார் என்பதும் தவறு. எட்டு வயதில் வேறு பாட்டு அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. நட்சுமெரோ மேடையின் முன் கண்கலங்கிய ஜப்பானியருக்கும் நிலை ஏறத்தாழ இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: அவர் அழும்போது உடன் அழ ஒரு நாடு இருந்தது. நம் முதியவர் தனியே முணுமுணுத்தார்.

பின்னர் தமிழ்த் திரை ஜப்பானைக் கண்டது. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஒசாகா பொருட்காட்சியையும், 'ஜப்பானில் கல்யாணராமன்' (1985) ட்சுகுபா பொருட்காட்சியையும் காட்டின. முப்பதாண்டுக்கு முந்தைய சயாம் காடு அப்படங்களின் கவலையன்று. கேளிக்கைப் படத்தில் அதைத் தேடுவதும் முறையன்று.

1942-இல் எட்டு வயதாயிருந்தவர் இன்றிருந்தால் தொண்ணூறைக் கடந்திருப்பார். அவர் பாடும் பாட்டின் சொற்களுக்குப் பொருள் சொல்லத்தக்க மொழியறிவு இப்போது நம் பிள்ளைகளிடம் இருக்கிறது, அதுவும் சம்பளத்துக்காகக் கற்ற மொழியறிவு. உச்சரிப்பு சிதைந்திருக்கும், சில அடிகள் இடம் மாறியிருக்கும். அச்சிதைவோடேயே பதிவுசெய்துகொள்வது நல்லது. திருத்திவிட்டால் அது மறுபடியும் ஜப்பானியரின் பாட்டாகிவிடும்.