நெய்ப்பொருளும் மூளை வளமும்: சுன்னாகத்து உணவு மரபு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து உணவு வரலாற்றை ஆராயப் புகுவோர்க்குச் சுன்னாகம் தக்கதோர் உரைகல்லாகும். காங்கேசன்துறை வீதியில் அமைந்த இவ்வூர்ச் சந்தை வலிகாமத்துச் செம்மண் விளைபொருள்களுக்கு நெடுங்காலமாக நிலைக்களனாக விளங்குவது. ஊர் கடலோரத்தது அன்று. எனினும் வடக்கே சில மைல் தொலைவில் மயிலிட்டித் துறை உளது. எனவே எள்ளும் தேங்காயும் மீனும் இவ்வூரார்க்கு ஒருங்கே எட்டுவன.

எண்ணெய்க்கும் தலைக்கும் உள்ள தொடர்பை நம்முன்னோர் உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூலாகிய பரராசசேகரத்தில் சிரரோக நிதானம் தனிப் பகுதியாக அமைந்துள்ளது. சுன்னாகத்தை அடுத்த ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நூலைப் பதிப்பித்தார். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும், பிள்ளை பெற்றவளுக்குப் பாற்சுறாவும் கொடுப்பது இன்றும் அறியப்பட்ட வழக்கமாகும்.

மூளையின் உலர்நிறையிற் பாதிக்குமேல் கொழுப்பேயாம். அக்கொழுப்பிற் சில கூறுகளை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. இதனை 1929 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் பேர், மில்ட்றெட் பேர் தம்பதியர் எலிகளைக்கொண்டு நிறுவினர். எனினும், எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதை மனிதரில் தெளிவாகக் காட்டியது 1982 இல் றால்ஃப் ஹோல்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். குடலிழந்த ஆறு வயதுச் சிறுமியொருத்திக்குக் குசும்பா எண்ணெய் சேர்ந்த ஊட்டம் நரம்புவழி ஏற்றப்பட்டது. சில மாதங்களில் உணர்விழப்பும் நடக்கவியலாமையும் பார்வை மங்கலும் தோன்றின. சோயா எண்ணெய் சேர்ந்த ஊட்டத்துக்கு மாற்றியதும் அவை நீங்கின. குசும்பாவில் ஒமேகா-6 மிகுதி. ஒமேகா-3 மிக அரிது.

இவ்வுண்மை நம் அடுக்களைக்கும் பொருந்தும். நல்லெண்ணெயும் ஒமேகா-6 மிக்கதே. ஒமேகா-3 அதில் மிகச் சிறிது. தேங்காயெண்ணெய் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு. மூளைக் கலங்களில் இடம்பெறும் டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலத்தை நேராகத் தருவது மீனே. சைவ உணவினரின் உடல் தாவர ஒமேகா-3 இலிருந்து அதனைச் சிறிதளவே ஆக்கும். பிள்ளைப்பேற்றுப் பருவப் பெண்களில் அவ்வாக்கம் ஆடவரினும் கூடுதல் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நோக்கிற் பார்க்கும்போது 1990 ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். அவ்வாண்டிற் போரினால் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டது 2017 இலேயே. வடகடலில் மீன்பிடித் தடைகளும் நிலவின. போர் பறித்தவற்றைக் கணக்கிடுவோர் வீட்டையும் நிலத்தையும் எண்ணுவர். கருவுற்றிருந்த தாயின் கலத்தில் விழாது போன மீனை எண்ணுவாரிலர்.

டிஎச்ஏ மூளையில் மிகுதியாகச் சேர்வது கருவின் இறுதி மூன்று மாதங்களிலும் பிறந்தபின் முதலிரண்டு ஆண்டுகளிலும் ஆகும். முதுமையில் அதனை ஈடுசெய்யலாம் என்னும் நம்பிக்கை உறுதிப்படவில்லை: அல்சைமர் நோயாளரிடையே நிகழ்ந்து 2010 இல் வெளியான டிஎச்ஏ ஆய்வு, அறிவுத் தளர்வு தணிந்ததாகக் காட்டவில்லை. ஆகவே கருத்துச் செலுத்த வேண்டிய இடம் தாயின் உணவே. ஆங்கும் மரபை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். சுறாவிற் பாதரசம் மிகுதியாதலின் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதனைத் தவிர்த்தல் நன்று. சூடை, நெத்தலி முதலாய சிறுமீன்கள் அவர்க்கு உகந்தன. தாய்க்கு மீன் வேண்டும் என்று கண்ட முன்னோர் அறிவு மெய்யே. எந்த மீன் என்பதை இற்றை விஞ்ஞானம் திருத்தித் தருகின்றது.