சைக்: த மியூசிகல்

சைக்: த மியூசிகல் என்பது சைக் என்னும் அமெரிக்க நகைச்சுவைத் துப்பறியும் தொடரின் இசை நாடக அத்தியாயம் ஆகும். யுஎஸ்ஏ நெட்வொர்க் அலைவரிசையில் 2013 டிசம்பர் 15 அன்று இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக இது ஒளிபரப்பானது. தொடரை உருவாக்கிய ஸ்டீவ் ஃபிராங்க்ஸ் இதனை எழுதி இயக்கினார். ஆடம் கோஹென் இசையமைத்தார்.

பின்னணி

சைக் தொடர் 2006 முதல் 2014 வரை 8 பருவங்கள் ஓடியது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் கதை நடக்கிறது. நாயகன் ஷான் ஸ்பென்சர் காவல்துறை அதிகாரியான தந்தையிடம் சிறுவயதிலேயே கூர்ந்து நோக்கும் பயிற்சி பெற்றவன். அவன் தரும் துப்புகள் மிகச் சரியாக இருந்ததால் காவலர்கள் அவனையே சந்தேகிக்கின்றனர். தப்பிப்பதற்காகத் தனக்கு அமானுஷ்ய ஆற்றல் இருப்பதாகப் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யே அவன் பிழைப்பாகிறது. நண்பன் கஸ் அவனுக்குத் துணை.

தொலைக்காட்சித் தொடர்களில் ஓர் அத்தியாயத்தை மட்டும் பாடல்களால் அமைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. 2001இல் வெளிவந்த பஃபி த வாம்பயர் ஸ்லேயர் தொடரின் இசை அத்தியாயம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதில் ஒரு மாயச் சக்தியே மக்களைப் பாட வைக்கும். சைக் அத்தகைய காரணம் எதையும் தேடவில்லை. கதைமாந்தர் தாமாகவே பாடுகின்றனர்.

கதையும் நடிகர்களும்

நாடக அரங்கைக் கொளுத்தி ஒரு விமர்சகரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நாடக ஆசிரியர் ஒருவர் மனநலக் காப்பகத்திலிருந்து தப்புகிறார். அவரைத் தேடுவதே வழக்கு. இவ்வேடத்தில் நடித்த அந்தோணி ராப், ரென்ட் என்னும் பிராட்வே இசை நாடகத்தின் முதல் நடிகர் குழுவில் இருந்தவர். கஸ்ஸாக நடித்த டியூலே ஹில்லும் சிறுவயதிலேயே மேடை நடனத்தில் தேர்ந்தவர். முந்தைய பருவங்களில் ஷானை அச்சுறுத்திய கொலையாளி யாங் (ஆலி ஷீடி) இதில் அவனுக்கு உதவுகிறாள். அவளது மரணத்துடன் தொடரின் நீண்ட கிளைக்கதை ஒன்று முடிவடைகிறது.

காலவரிசையும் அதன் விளைவும்

இது 7ஆம் பருவத்துக்காக எடுக்கப்பட்டது. ஆனால் அப்பருவம் 2013 மே மாதம் நிறைவடைந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே ஒளிபரப்பானது. இதற்கிடையில் ஒளிபரப்பான அத்தியாயங்களில், ஷானின் காதலியும் துப்பறிவாளருமான ஜூலியட் அவனது பொய்யை அறிந்து பிரிந்திருந்தாள். இசை அத்தியாயமோ அதற்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. ஆகவே, மகிழ்ச்சியாகப் பாடும் இருவரையும் பார்வையாளர்கள் பின்னால் வரப்போகும் பிரிவை அறிந்தவாறே பார்த்தனர்.

வாயால் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்வது இசை நாடக மரபு. ஷானோ பாட்டிலும்கூட ஜூலியட்டிடம் தன் உண்மையைச் சொல்வதில்லை. நகைச்சுவைக்காக எடுக்கப்பட்ட அத்தியாயம் சற்றே துயரச் சாயல் பெறுவது இதனால்தான்.