இரவற் கருவியும் உட்பழுதும்

பிறர் இயற்றிய நிரற்றொகுதிகளை இரவலாகப் பெற்றுத் தம் மென்பொருளுள் அடக்குதல் கணினியாளர் வழக்கு. அத்தகையதொன்றே, கணினியின் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் அப்பாச்சி அமைப்பின் ‘லொக்போர்ஜே’. அதில் 2013இற் புகுந்த வழுவை 2021 நவம்பர் 24இல் அலிபாபா நிறுவனத்துச் சென் ஜாவோஜுன் அறிவித்தார். குறிப்பிற் பதியும் ஒரு சொற்றொடரே அந்நியர் நிரலை வரவழைத்து இயக்கப் போதுமாயிருந்தது. டிசம்பர் 10இல் திருத்தம் அறிவிக்கப்பட்டது. அதுவும் போதாமையின் அம்மாதத்திலேயே வேறு திருத்தங்கள் வேண்டப்பட்டன.

ஆயினும், திருத்தத்தினும் தேடலே அரிதாயிற்று. பொதிக்குட் பொதியாய்க் கிடந்த அத்தொகுதி தம்மிடம் உண்டென்பதையே பலர் அறிந்திலர். 2005இல் இலங்கையிலே தோன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் தன் ஆக்கங்களை ஆராய்ந்து திருத்த நேர்ந்தது. அரசுக்கு விற்கும் மென்பொருளுக்கு உட்கூறுப் பட்டியல் வேண்டுமென அமெரிக்க ஆணையொன்று 2021 மே மாதத்திலேயே குறித்திருந்தது. பட்டியல் கைவருமுன் வழு வந்துவிட்டது.