செவிலியர் கல்வி நிலைகள் (இந்தியா)
இந்தியாவில் செவிலியர் கல்வியை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் நெறிப்படுத்தி வந்துள்ளது. இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-மகப்பேறு உதவியாளர்) படிப்பு படித்தவர்கள் கிராமங்களில் தாய்சேய் நலம், தடுப்பூசிப் பணிகளைக் கவனிக்கின்றனர். வார்டுப் பணிக்கு வருவோர் மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேற்றுச் செவிலியம்) பட்டயமோ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ பெற்றவர்கள். பட்டப்படிப்பு 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சி.எம்.சி.) தொடங்கியது.

பட்டயம், பட்டம் ஆகிய இவ்விரு தகுதியினரும் பெரும்பாலும் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் பணியையே செய்கின்றனர். ஊசி போடுவதிலும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதிலும் பட்டயக்காரர் சிறிதும் குறைந்தவரல்லர். வேறுபாடு, நோயாளியின் நிலை சரிவதை முன்கூட்டியே உணர்ந்து காரணத்தோடு மருத்துவரிடம் எடுத்துரைப்பதில் தெரியக்கூடும். பட்டப்படிப்பில் ஆராய்ச்சி முறைக்கும் புள்ளியியலுக்கும் கூடுதல் இடமுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை செவிலியத்துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் ஆராய்ந்தனர். பட்டதாரிச் செவிலியர் பங்கு 10 விழுக்காடு கூடிய இடங்களில், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைவு என்று 2003இல் அறிவித்தனர். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, பட்டம் மட்டுமே காரணம் என்று நிறுவவில்லை, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

பட்டயம் பெற்றவர்கள் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் வழியாகப் பட்டம் பெறலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தோர் பெரும்பாலும் கற்பித்தலுக்குச் செல்வதால், அவர்களது தேர்ச்சி நோயாளியின் படுக்கையருகே அரிதாகவே கிடைக்கிறது.