எல்லைப்புற வீடுகளும் இணைய முகவரியும்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி. கேரளத்தின் இவ்வூர்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது இவ்வூர்கள் அம்மாநிலத்தில் சேர்ந்தன. உறவினர் பலர் எல்லைக்கு அப்பால் இருந்தனர். பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் இருக்க, பிள்ளைகள் கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்ப்பது இன்று இங்கே சாதாரண விஷயம். இப்படிப் பிரிந்திருக்கும் அண்ணன் தம்பியர் இரவு வேளையில் கூடும் இடங்களுள் வீடியோ விளையாட்டும் ஒன்றாகிவிட்டது. தொலைக்காட்சியோடு இணைத்த கன்சோல் என்னும் பெட்டியின் வாயிலாக இருவரும் ஒரே ஆட்டத்தில் சேர்கிறார்கள்; ஆடிக்கொண்டே ஊர்க்கதையும் பேசுகிறார்கள்.

இக்கூட்டத்துக்கு அடிக்கடி ஓர் இடையூறு நேருகிறது. வீட்டில் கைபேசி நன்றாக இயங்கும். திரைப்படம் தங்குதடையின்றி ஓடும். கன்சோல் மட்டும் தம்பியின் ஆட்டத்தில் சேர மறுக்கும். சேர்ந்தாலும் குரல் கேட்காது. சோதித்துப் பார்த்தால் எக்ஸ்பாக்ஸ் திரையில் ‘நேட் ஸ்ட்ரிக்ட்’ என்றும், பிளேஸ்டேஷன் திரையில் ‘நேட் டைப் 3’ என்றும் வாசகம் தோன்றும். ரவுட்டர் பழுதாகிவிட்டதென்று எண்ணிப் புதியதொன்றை வாங்குவோர் உண்டு. பணம் செலவாகும், பழைய வாசகமே மீண்டும் தோன்றும். இதன் காரணத்தை அறிய வேண்டுமானால் இணையத்தின் சரித்திரத்தை நாம் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அமெரிக்க ஆராய்ச்சி வலைப்பின்னலை வகுத்தவர்களுள் ஒருவரான விண்டன் செர்ஃப், 1977ஆம் ஆண்டில் இம்முகவரிக்கு 32 பிட் போதுமென்று முடிவு செய்தார். 1981 செப்டம்பரில் அது விதியாக வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 32 பிட்டில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அந்நாளிலேயே உலக மக்கள்தொகை இதனினும் மிகுதி. ஆயினும் பல்கலைக்கழகங்களும் இராணுவ நிலையங்களும் மட்டுமே உபயோகித்த ஒரு சோதனைக்கு இது ஏராளமென்றே அன்று தோன்றிற்று. எந்த இயந்திரமும் வேறெந்த இயந்திரத்தையும் நேராக அழைக்கலாம் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கொள்கை.

பத்தாண்டு கழிவதற்குள் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்தது. 1994 மே மாதத்தில் ஏகெவாங், பிரான்சிஸ் என்னும் இரு பொறியாளர்கள் தற்காலிகமாக ஒரு வழி கூறினர். ஒரு வீட்டுக்கோ நிலையத்துக்கோ வெளியுலகில் ஒரே முகவரி இருக்கட்டும். உள்ளே எத்தனை இயந்திரங்கள் இருப்பினும் அவற்றுக்கு உள்முகவரி கொடுத்துக்கொள்ளலாம். வாயிலில் நிற்கும் பெட்டி முகவரியை மாற்றி மாற்றி அனுப்பட்டும் என்பதே அவ்வழி. அதற்கு அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் பொருள் ‘வலைப்பின்னல் முகவரி மொழிபெயர்ப்பு’; சுருக்கமாக நேட். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சற்றே புன்னகை வரவழைக்கிறது. உள்முகவரிகளாக 10, 172, 192.168 ஆகியவற்றில் தொடங்கும் சில வரிசைகளை ஒதுக்கும் விதி 1996 பிப்ரவரியில் இன்றைய வடிவில் வெளிவந்தது. நம் வீட்டு ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவதன் வரலாறு இதுவே.

மலைத்தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. லயத்தில் வசிப்பவருக்கு வரும் கடிதம் எஸ்டேட்டின் பெயரைத் தாங்கி வரும். ஆபீசில் பிரித்து உரியவரிடம் சேர்ப்பார்கள். லயத்திலிருந்து போன கடிதத்துக்கு வரும் பதில் இன்னாருக்கு என்று எளிதில் விளங்கும். முன்பின் அறியாத ஒருவர் எஸ்டேட்டின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிய கடிதமோ கொடுப்பதற்கு ஆளின்றி மூலையில் கிடக்கும். நேட் பெட்டியின் நிலையும் அஃதே. உள்ளிருந்து சென்ற அழைப்புக்கு வரும் பதிலை அது சேர்ப்பிக்கும்; வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை ஏற்காது.

திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் குறையில்லை. அவர் கேட்கிறார், பெரிய நிலையத்தின் கணிப்பொறி பதில் தருகிறது. விளையாட்டின் இயல்பு வேறு. 2002 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் முதலிய சேவைகளில், ஆடுவோரின் பெட்டிகளே ஒன்றையொன்று நேராக அழைத்துக்கொள்ளும் ஆட்டங்கள் பலவாயின. ஒருவருடைய பெட்டி ஆட்டத்தை நடத்த, ஏனையோர் அதனிடம் வந்து சேர்வர். அழைப்பை ஏற்க இயலாத வீட்டின் குறையை இவ்வாறு கன்சோல் வெளிப்படுத்திற்று. 2001இல் வகுக்கப்பட்ட யு.பி.என்.பி. என்னும் முறை இதற்கு ஒரு பரிகாரம். கன்சோல் ரவுட்டரிடம் ‘எனக்கு வரும் அழைப்புக்கு இந்தக் கதவைத் திறந்து வை’ என்று கேட்கும், ரவுட்டர் திறக்கும். வாயிற் பெட்டி ஒன்றே இருக்கும் வரையில் இது போதும்.

நம் நாட்டில் இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பாட்டைச் சேவை தொடங்கிற்று. அதே மாதத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றி உபயோகிக்க மத்திய சர்க்கார் அனுமதித்தது. தொலைபேசிக் கம்பியோடு வந்த மோடமே பல வீடுகளில் ரவுட்டராகவும் வேலை செய்தது. வைஃபை வேண்டி அதனோடு இன்னொரு ரவுட்டரை இணைத்தபோது ஒரே வீட்டில் இரண்டு வாயில்கள் அமைந்தன. கன்சோல் உள்வாயிலைத் திறக்கச் சொல்லும். வெளிவாயில் மூடியே இருக்கும்.

இடுக்கிக்கு இச்சரித்திரத்தில் தனியிடம் உண்டு. கிராமப் பஞ்சாயத்துகளை ஒளியிழையால் இணைக்கும் மத்திய சர்க்காரின் திட்டத்தில், நாட்டிலேயே முதல் மாவட்டமாக 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது இடுக்கியே. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் கே-ஃபோன் திட்டமும் தொடங்கப்பட்டது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே ஒளியிழை சென்றது. வேகத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒளியிழை மலையேறியதற்கு முன்பே முகவரிகள் தீர்ந்துபோயிருந்தன. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டன. முதலில் வறண்டது ஆசிய பசிபிக் வட்டாரம். அவ்வாண்டு ஏப்ரல் 15க்குப் பின், எஞ்சிய இறுதித் தொகுதியிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு 1,024 முகவரிகளுக்கு மேல் இல்லை என்னும் விதி ஏற்பட்டது.

ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களை வைத்திருக்கும் நிறுவனம் என் செய்யும்? பல வீடுகளை ஒரே வெளிமுகவரியின்கீழ் அடக்கியது. தன் நிலையத்திலும் ஒரு நேட் வாயிலை வைத்தது. இதற்கென 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் தனியே ஒதுக்கப்பட்டன. இவ்வாயில் நம் வீட்டில் இல்லை. ஆகவே எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் அது திறவாது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டிலும் பெரும்பாலும் இதே நிலைதான். முந்தி வந்த நாடுகள் முகவரிகளை நிறையப் பெற்றன. பிந்தி வந்த ஊர்கள் பங்கு முகவரி பெற்றன. அழைக்கலாம், அழைக்கப்பட இயலாது என்னும் நிலை அவற்றுக்கு வாய்த்தது.

இவ்வரலாற்றை அறிந்தால் கோளாறைத் தேடும் ஒழுங்கும் தானே விளங்கும். முதலில் கன்சோலை லேன் கம்பியால் ரவுட்டரோடு நேரே இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் சரியாக ஓடினால் குறை வைஃபையில் இருக்கிறது. கருங்கற்சுவர்கள் அலையை மெலிவிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் வலிமை குறைந்தது. 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 போன்ற பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும்; ரவுட்டரில் அது நிறுத்தப்பட்டிருந்தால் இணைப்பே காணாது. அடுத்து, ஒளியிழைப் பெட்டி, ரவுட்டர், கன்சோல் என்னும் வரிசையில் ஒவ்வொன்றாக அணைத்து ஏற்ற வேண்டும்.

பின்னும் நேட் வாசகம் மாறாவிடில், ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் ‘வான் ஐ.பி.’ என்றிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். இதுவே தீர்மானமான சோதனை. அவ்வெண் 192.168 என்று தொடங்கினால் அநேகமாக வீட்டிலேயே இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்றை ‘பிரிட்ஜ்’ நிலையில் வைக்கலாம், அல்லது இரண்டாம் ரவுட்டரை வெறும் வைஃபை பரப்பும் பெட்டியாக மாற்றலாம். 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் வாயில் நிறுவனத்திடம் இருக்கிறது. 10 என்று தொடங்கினால் இரண்டில் ஒன்று. வீட்டில் வேறு பெட்டி இல்லையெனில் அதுவும் நிறுவனத்தின் வாயிலே. வேறு எண்ணாயின், இணையத்தில் நம் முகவரியைக் காட்டும் தளத்தில் தோன்றும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாயின் முகவரி நமக்கே உரியது, யு.பி.என்.பி. இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். அதுவும் உதவாவிடில், கன்சோலுக்கு மாறாத உள்முகவரி கொடுத்து, வேண்டிய கதவெண்ணை மட்டும் திறக்கலாம். எக்ஸ்பாக்ஸுக்கு அது 3074. எல்லாக் கதவுகளையும் ஒருசேரத் திறந்துவிடுவது தகாது. ரவுட்டரின் கடவுச்சொல்லைப் பழையபடியே விட்டுவைப்பதும் தகாது.

வாயில் நிறுவனத்திடம் இருப்பின், ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று புகார் கூறுவதில் பயனில்லை. வேகத்தை அளந்து, சரியாகவே உள்ளதென்று கூறிப் புகாரை முடித்துவிடுவார்கள். ‘எங்களுக்குப் பொது ஐ.பி. முகவரி வேண்டும், அல்லது ஐ.பி.வி.6 வேண்டும்’ என்று கேட்க வேண்டும். பொது முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு. ஐ.பி.வி.6 என்பது 128 பிட் கொண்ட புதிய முகவரி முறை. 1998 டிசம்பரிலேயே விதி வெளிவந்தது. அதில் பற்றாக்குறைக்கு இடமில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த முகவரி கிடைக்கும். நம் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் அதற்கான திட்டத்தை வெளியிட்டது. 2016க்குப் பின் கைபேசி வலைப்பின்னல்களில் அது வேகமாகப் பரவிற்று. கன்சோல்களும் ஆட்டங்களும் எல்லாம் அதனை ஒரே விதமாகக் கையாள்வதில்லை என்பதால், பழைய முறையும் இன்னும் சில காலம் உடனிருக்கும்.

விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். வீட்டிலிருந்தபடி தொழில் நடத்துபவருக்கும், ஊரில் தனித்திருக்கும் தாயைக் காணக் காமிரா பொருத்தும் மகனுக்கும் நாளை எதிர்ப்படக்கூடிய வாயில் இதுவேயாகும். வீட்டுக்குள் கம்பி வந்து சேர்ந்ததை மட்டும் கொண்டு இணைப்பு நிறைவெய்தியதாகக் கணக்கிட்டுவிட முடியாது. நாம் பிறரை அழைப்பதுபோலப் பிறரும் நம்மை அழைக்க இயல வேண்டும். 1983இல் அனைவருக்கும் பொதுவாக இருந்த அந்த வசதியை மலையோரத்து வீடுகளும் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு முன் வாயில் எங்கே நிற்கிறதென்று எண்ணைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.