மங்கு என்னும் சொல்லும் நான்கு அகராதிகளும்



நெகிரி செம்பிலானில் தோட்டப் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றில் கற்பிக்கிறேன். பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய மாணவன் ஒருவன், 'மங்கு' என்பதற்கு வேறு சொல் வேண்டி அகராதியைப் புரட்டினான். 'ஒளி குறைதல்' என்றிருந்தது. மரத்தில் பால் ஏந்தும் கிண்ணத்திற்கும் ஒளிக்கும் என்ன தொடர்பு என்று திகைத்துப் போனான். மலாய் 'மங்கோக்' நம் தீம்பாரில் மங்கு ஆனதை அந்நூல் அறியவில்லை.

அவனுக்காக இணையத்தில் சிறு சொற்பட்டியல் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதத் தொடங்கினேன். சொல்லைச் சாவியாகவும் பொருளை மதிப்பாகவும் சேமிக்க அம்மொழியில் இரண்டு வழிகள் உள்ளன. 1995இல் மொழி பிறந்தபோதே இருந்தது ஆப்ஜெக்ட். 2015இல் சேர்ந்தது மேப். நான் ஆப்ஜெக்டை எடுத்தேன். மங்குக்குக் 'கிண்ணம்' என்று இட்டேன். பின்னர் அதே சொல்லுக்கு 'ஒளி குறைதல்' என்றும் இட்டேன். கிண்ணம் மறைந்தது! ஒரு சாவிக்கு ஒரு மதிப்புத்தான், மேப்பிலும் அப்படியே.

இச்சிக்கலை நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர். திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் பதினோராவது, ஒரு சொல் பல்பொருள் பெயர்த் தொகுதி. ஒரு சொல்லின் கீழ்ப் பல பொருள்களையும் தொகுத்து வைப்பது அது. நானும் மதிப்பைப் பட்டியலாக்கினேன், கிண்ணம் மீண்டது.

ஆயினும் நிகண்டு, மனப்பாடம் செய்தவருக்கே திறக்கும் நூல். செய்யுள் நெஞ்சில் இல்லாதவன் எந்தத் தொகுதியில் தேடுவான்? 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் மேலும் சென்றார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள். சொல் தெரிந்து பொருள் தேடுவோருக்குப் பெயரகராதி. பொருள் தெரிந்து சொல் தேடுவோருக்குப் பொருளகராதி. தொகைப் பெயர்களுக்கு ஒன்று, எதுகைக்கு ஒன்று. ஒரே மொழிக்கு நான்கு வாயில்கள். வருகின்றவன் கையில் எந்தச் சாவி இருக்கிறதோ அந்த வாயில் வழியே நுழையலாம். இன்று எண்ணினாலும் வியப்பாக இருக்கிறது.

கணினியிலும் இதே நிலைதான். சாவி தெரிந்தால் மதிப்பு நொடியில் கிட்டும். மதிப்பிலிருந்து சாவிக்குத் திரும்ப வேண்டுமாயின் முழுவதையும் துழாவ வேண்டும், அல்லது இரண்டாவது பட்டியல் வேண்டும். எனவே நானும் இரண்டு அமைத்தேன். என் மாணவனுக்கு வேண்டியிருந்தது பொருளகராதியே.

பாட எண்ணைச் சாவியாக்கி, பிள்ளைகளுக்குப் பழக்கமான தோட்டத்துச் சொற்கள் முன்னே வருமாறு 12, 3, 7 என்று மூன்றாவது பட்டியலும் இட்டேன். ஆப்ஜெக்ட் அதை 3, 7, 12 என்று மாற்றியது. எண் சாவிகளை அது ஏறுவரிசையிலேயே தரும். மேப் நான் இட்ட வரிசையைக் காத்தது. அன்றே எல்லாவற்றையும் மேப்பிற்கு மாற்றினேன்.

இப்போது அம்மாணவன் 'கிண்ணம்' என்று தட்டினால் மங்கு, கோப்பை, வட்டில் ஆகியவை வருகின்றன. கட்டுரையில் அவன் மங்கையே வைத்துக்கொண்டான். பாட்டி சொன்ன சொல்லாம். தொடைப் பகுதியை நான் இன்னும் தொடங்கவில்லை. உங்கள் தோட்டத்து லயங்களில் வழங்கிய சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டு, பொருளோடு எழுதி அனுப்புங்கள்.